கைராசி என்றொரு பொய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஷெட்டுக்கு ஒரு தம்பி போன் செய்தான். பக்கத்து ஊர்க்காரன். கல்லூரி முடித்து, இரண்டு வருடம் கம்பெனி வேலை பார்த்துச் சேர்த்த காசில் பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் ஒன்று வாங்கியிருக்கிறான். அவர்கள் குடும்பத்துக்கு வந்த முதல் கார்.

"அண்ணா, ஒருத்தர் ஸ்டேஜ் ஒன் டியூனிங் பண்ணித் தர்றேங்கறாருங்க. நாப்பதாயிரம் கேக்கறாரு. முப்பது ஹெச்பி ஏறுங்கறாரு. பண்ணீரலாங்களா?"

"எப்படி ஏத்துவாராம் தம்பி?"

"அது கேக்கலீங்ணா. அவருக்கு அது கைராசிங்களாமா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வா, அதுவரை காசு கொடுக்காதே என்று சொல்லி வைத்தோம். போனில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறோம். கார் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் தம்பி இருவர், சித்தப்பா மகன் ஒருவர். தொண்ணூறுகளின் நடுவில் படிப்பை நிறுத்திவிட்டு, கோவையில் ஒரு ஹெட் வேலை செய்யும் பட்டறையில் சேர்ந்தோம். கோவைக்கும் ரேஸுக்கும் இருக்கும் உறவு பலருக்குத் தெரியும். மாருதி 800 காரின் எஞ்சினையும் பாகங்களையும் வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். ஃபார்முலா மாருதி என்ற அந்தப் பந்தயம் அப்படித்தான் பிறந்தது. 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். செட்டிபாளையத்தில் இன்று இருக்கும் ரேஸ் டிராக்குக்குக் கரிவரதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே நாங்கள் வேலை பார்த்த பட்டறைக்கு, ரேலிக்கும் ரேஸுக்கும் போகும் ஆட்கள் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிக்கொண்டு வருவார்கள்.

ஹெட்டை மண்ணெண்ணெயில் கழுவுவது எங்கள் வேலை. வால்வுக்குப் பசை தடவி, ரப்பர் குச்சியை உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டி உருட்டி சீட்டில் உட்கார வைப்பது எங்கள் வேலை. காற்று போகும் போர்ட்டில் வார்ப்பின் முண்டும் முடிச்சுமாக இருப்பதை கிரைண்டரால் இழைப்பதும் எங்கள் வேலை. அலுமினியத் தூள் மூக்கில் ஏறி, எச்சில் துப்பினால் சாம்பல் நிறத்தில் விழும். அளவு எடுக்கும் நேரம் வந்தால் மட்டும் மேஸ்திரி எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஒருநாள் துணிந்து கேட்டோம். "கேம் எத்தனை டிகிரியில வெக்கறீங்ணா?"

"அதெல்லாம் பரம்பரையா வர்ற கைராசிடா. உங்களுக்கெல்லாம் வராது."

'உங்களுக்கெல்லாம்' என்று அவர் யாரைச் சொன்னார் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சேர்ந்த முதல் நாளே எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். ஆனால் ராசியில்லாத இந்த ஆறு கைகள் இழைத்த போர்ட்டில்தான் அவருடைய ராசியான எஞ்சின்கள் ஓடின. கோப்பை வாங்கியவர்கள் மேஸ்திரிக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டபோது, நாங்கள் தரையில் கிடந்த தூளைக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் இங்கிலீஷ் மெக்கானிக் புத்தகங்களை எடைக்கு எடை வாங்கினோம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவில் படித்தோம். கதவுக்குப் பின்னால் இருந்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு.

எஞ்சின் ஒரு காற்றுப் பம்பு. அவ்வளவுதான். பெட்ரோலை அதிகம் ஊற்றுவது யாருக்கும் எளிது. அதை எரிக்கத் தேவையான காற்றை உள்ளே கொண்டுபோவதுதான் கடினம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். முழு வேகத்தில் பவர் வேண்டுமென்றால் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக, 12.5இலிருந்து 13க்குள் வைப்பார்கள். ஆக, பவர் ஏற்றுவது என்றால் அதே எஞ்சினுக்குள் ஒரு நிமிடத்தில் அதிகக் காற்றை அனுப்புவது, அல்லது போன காற்றை இன்னும் நன்றாகப் பயன்படுத்துவது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி எந்த ராசிக்காரர் கையிலும் இல்லை.

டர்போ இல்லாத சாதாரண எஞ்சினில், வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க ஒரு வினாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள் காற்று ஃபில்டரைத் தாண்டி, போர்ட்டில் வளைந்து, வால்வின் இடுக்கில் நுழைந்து சிலிண்டரை நிரப்ப வேண்டும். வழியில் ஒவ்வொரு முண்டும் தடை. போர்ட்டை இழைப்பது அதற்காகத்தான். கண்ணாடி போலப் பளபளக்க வைப்பதில் ஒன்றுமில்லை, வடிவம்தான் முக்கியம். போர்ட்டை ஓட்டையாகப் பெரிதாக்கிவிட்டால் காற்றின் வேகம் குறைந்து, கீழ்ச்சுற்றில் இழுவை செத்துப்போகும். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் போட்டால் மேல்சுற்றில் பவர் கிடைக்கும், ஆனால் ஐடிலிங்கில் வண்டி நடுங்கும், டவுனுக்குள் இரண்டாவது கியரில் இழுக்காது. ரேஸ் டிராக்கில் 6,000 சுற்றுக்கு மேலேயே ஓடும் வண்டிக்கு அது சரி. காந்திபுரம் சிக்னலில் நிற்கும் வண்டிக்கு அது தண்டனை.

பட்டறையை விட்டு வந்து சொந்தமாக ஷெட் போட்டதும், நாங்கள் முதலில் கை வைத்தது எங்களுடைய பழைய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லி, பிஸ்டன் நகரும் தூரம் 72 மில்லி. ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. பிஸ்டன் மேலே வந்து நின்றபின் மிச்சமிருக்கும் இடம் எவ்வளவு என்று தெரிந்தால் கம்ப்ரஷன் விகிதம் தெரிந்துவிடும். அந்த இடத்தை எப்படி அளப்பது? ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, நடுவில் ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, மருந்துக் கடை ஊசிக் குழலில் மண்ணெண்ணெயை ஏற்றி, சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்பினோம். கேஸ்கெட்டின் தடிமனையும், பிஸ்டன் மேலே விடும் இடைவெளியையும் சேர்த்து 34 சிசி சொச்சம் வந்தது. கம்ப்ரஷன் 8.7. அதை 9.5 ஆக்க அந்த இடம் 31 சிசி சொச்சமாகக் குறைய வேண்டும். மூன்றே கால் சிசி. ஹெட்டின் அடிப்பரப்பை லேத்துக்காரரிடம் கொடுத்து, கால் மில்லி கால் மில்லியாக ஃபேசிங் அடித்து, ஒவ்வொரு முறையும் ஊசிக் குழலால் அளந்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தோம். கதவைச் சாத்திக்கொண்டு மேஸ்திரி செய்த மந்திரம் இதுதான். ஊசிக் குழல் ஐந்து ரூபாய்.

கம்ப்ரஷனை ஏற்றிக்கொண்டே போக முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. அளவு மீறினால் பிளக் பற்ற வைத்த நெருப்பு வந்து சேரும் முன்பே, மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் கேட்கும். அதுதான் நாக்கிங். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் ஓரம் உடையும், இல்லையென்றால் உருகும்.

செய்தது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில்தான் ஏமாற்று வேலைக்கு அதிக இடம். மனிதக் காது சத்தத்தை வேகம் என்று நம்பும். விற்காமல் கிடந்த மனைப் பிரிவு ஒன்றில் நீளமான சாலை இருந்தது. விடியற்காலையில் அங்கே போய், மூன்றாவது கியரில் 40இலிருந்து 80 கிலோமீட்டர் வேகம் வர எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தோம். காற்றின் திசைக்கு ஈடுகட்ட, போக மூன்று முறை, வர மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுத்தோம். ஒன்றும் செய்யாத வண்டிக்கு 12.4 வினாடி. பெரிய குழாய் சைலன்சர் மாட்டினோம். சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது, நாங்கள் பறப்பது போல உணர்ந்தோம். கடிகாரம் 12.7 என்றது. வண்டி மெதுவாகியிருந்தது. சைலன்சரைக் கழற்றிப் பழையதையே மாட்டினோம். போர்ட், கம்ப்ரஷன், அதற்கேற்ற கார்புரேட்டர் ஜெட், டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங், எல்லாம் முடித்தபின் 11.2 வந்தது. ஒரு வினாடியும் சொச்சமும். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள்.

அந்த எண்ணை ஷெட் சுவரில் எழுதி வைத்தோம். இன்னும் இருக்கிறது.

இதுவரை சொன்னது எங்கள் பெருமை. இனிச் சொல்வது எங்கள் தவறு. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை.

எங்கள் தங்கை வீட்டுக்காரர் டிசையர் டீசல் கார் வைத்து வாடகை ஓட்டிக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சவாரி. ஐந்து பேரும் மூட்டையும் ஏசியுமாக மலையேறினால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறுகிறது என்று வருத்தப்பட்டார். அந்த 1248 சிசி டர்போ டீசலின் பவர் 4,000 சுற்றில் 75 குதிரைத்திறன், இழுவிசை 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். 2,000 சுற்றுக்குக் கீழே போய்விட்டால் டர்போ சரியாக ஊதாது. அதுதான் திணறலுக்குக் காரணம். கியரை ஒன்று இறக்கி ஓட்டுங்கள் மச்சான் என்று சொல்லியிருந்தால் பாதித் திணறல் தீர்ந்திருக்கும். நாங்கள் அதைச் சொல்லவில்லை. எண்ணூறில் கிடைத்த வெற்றி தலையில் ஏறியிருந்தது.

டர்போ எஞ்சினில் பவர் ஏற்றுவது சாதாரண எஞ்சினைவிட மிகவும் எளிது. ஆபத்தே அதுதான். எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கும் மேல் சுற்றும் தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. எஞ்சினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் எண்களை மாற்றினால் போதும், டர்போ அதிகமாக ஊதும், டீசல் அதிகமாகப் பாயும். ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு பவர் கூடிவிடும். ஸ்பேனரே தொட வேண்டாம். தெரிந்த ஒருவரிடம் காசு கொடுத்து ரீமேப் போட்டோம். என்ன எண்களை மாற்றினார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மச்சான் கேட்டார். "இதனால வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"நாங்க இருக்கறோம், நம்புங்க மச்சான்" என்றோம்.

மேஸ்திரியின் கைராசியை நாங்கள் அப்படியே திருப்பிச் சொன்னோம் என்பது அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் வண்டி சிட்டாகப் பறந்தது. மச்சானுக்கு மகிழ்ச்சி. பின்னால் கறுப்புப் புகை வந்தது, அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்புப் புகை என்றால் எரியாமல் போன டீசல். டீசல் எஞ்சினில் காற்றுக்கு மீறி டீசல் பாய்ச்சினால் புகையின் சூடு ஏறும். அந்தச் சூடு நேராக டர்போவுக்குப் போகும். இதில் மலை வேறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கீழே கிடைத்த அதே அழுத்தத்தை மேலேயும் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். ஏற்கனவே அதன் எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தோம். மலை மிச்சத்தையும் தின்றது. மேலே போய்ச் சேர்ந்ததும் பயணிகளின் அவசரத்தில் மச்சான் உடனே வண்டியை அணைப்பார். கொதிக்கும் டர்போவுக்குள் எண்ணெய் ஓட்டம் நின்று, நின்ற எண்ணெய் கருகிக் கரியாகப் பிடிக்கும். ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை.

முதலில் கிளட்ச் வழுக்கியது. நான்காவது மாதம் டர்போவில் ஊளைச் சத்தம், பிறகு நீலப் புகை. ஏப்ரல் கடைசி. ஊட்டி சீசன். மூன்று வாரம் வண்டி ஷெட்டில் நின்றது. டர்போவுக்கும் கிளட்சுக்கும் சேர்த்து 58,000 ரூபாய். அந்தச் செலவை நாங்கள் கடன் வாங்கிக் கட்டினோம். ஆனால் சீசனை யார் கட்டுவது? வண்டி டியூவுக்குத் தங்கை தன் தோட்டை அடகு வைத்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவும் இல்லை. மச்சான் மட்டும் ஒருநாள் ஷெட்டுக்கு வந்து, சுவரில் எழுதியிருந்த 11.2ஐக் காட்டி, "இத மட்டும் அளந்தீங்க, என் வண்டிய ஏன் அளக்கல?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

தோட்டை மீட்க எட்டு மாதம் ஆனது. வண்டியில் பழைய எண்களையே திரும்பப் போட்டோம்.

அதன்பிறகு எங்கள் ஷெட்டில் சில வழக்கங்கள் வந்தன. யார் வண்டி வந்தாலும் முதலில் கம்ப்ரஷன், ஏர் ஃபில்டர், பிளக், வால்வு இடைவெளி, டயர் காற்று, பிரேக் உரசல் பார்ப்போம். இழந்த பவரைத் திரும்ப எடுப்பதுதான் உலகத்திலேயே மலிவான டியூனிங். பிரேக்கும் டயரும் சரியில்லாத வண்டிக்குப் பவர் ஏற்ற மாட்டோம். பிழைப்புக்கு ஓடும் வண்டியில் கை வைக்க மாட்டோம். என்ன செய்தோம், எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு மாற்றினோம் என்று எழுதிக் கொடுப்போம். கூடவே அதற்கு என்ன விலை என்றும் எழுதுவோம். கம்ப்ரஷன் ஏறினால் நாக்கிங் ஆபத்து. பெரிய கேம் என்றால் டவுன் இழுவை போகும். டர்போ அழுத்தம் ஏறினால் கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ மூன்றின் ஆயுளும் குறையும். இந்த விலையைச் சொல்லாமல் பவரை மட்டும் விற்பவர், விலையை நம் தலையில் கட்டுகிறார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இப்படிப்பட்ட காரணத்தைத்தான். இன்னொன்றும் நமக்குத் தெரியும். சத்தமாகப் போகும் பணக்கார வீட்டுப் பையனை ஓரம் கட்டும் போலீஸ்காரர் பெயரையும் அப்பா பெயரையும் கேட்பார். நம் பையனை ஓரம் கட்டினால் ஊரைக் கேட்பார், வண்டி யாருடையது என்று கேட்பார். பந்தய ஆசை இருப்பவர்கள் டிராக்குக்குப் போங்கள். ரோட்டில் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு அந்தத் தம்பி வந்தான். ஸ்விஃப்டின் எஞ்சின் டர்போ இல்லாத 1197 சிசி, 85 குதிரைத்திறன். அதில் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றினால் பத்து விழுக்காடு கூடுவதே அரிது. பத்து என்றே வைத்தாலும் எட்டரைதான் வரும், முப்பது எங்கிருந்து வரும் என்று பேப்பரில் போட்டுக் காட்டினோம். அவன் முகம் வாடிவிட்டது. வண்டியைப் பார்த்தோம். ஏர் ஃபில்டர் அட்டைக்கரி போல இருந்தது. பிளக்குகள் தேய்ந்திருந்தன. பின் சக்கரம் ஒன்றில் பிரேக் பிடித்தபடியே இருந்தது. நான்கு டயரிலும் காற்று குறைவு. 40இலிருந்து 80ஐ அவனையே கடிகாரம் பிடித்து அளக்கச் சொன்னோம். எல்லாவற்றையும் சரிசெய்தபின் மறுபடி அளக்கச் சொன்னோம். 1.3 வினாடி குறைந்திருந்தது. செலவு 1,900 ரூபாய்.

"இவ்வளவுதானாங்ணா?" என்றான். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது மேசையில் கிடந்த ஊசிக் குழலைக் கையில் எடுத்துப் பார்த்து, இது எதுக்குங்ணா என்று கேட்டான். பழைய எண்ணூறின் ஹெட் ஒன்று மூலையில் கிடந்தது. எடுத்துக் கவிழ்த்து வைத்தோம். மண்ணெண்ணெயை அவனையே ஊற்றச் சொன்னோம். முதல் முறை கை நடுங்கி இரண்டு சிசி சிந்தினான். மூன்றாவது முறை அவன் அளவும் எங்கள் அளவும் ஒத்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட் திறந்திருக்கும். கதவு சாத்துவதில்லை. வருகிறவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள்.